விற்பனைக்கு: வெர்னாவின் கருத்து

வெர்னா டோலெஃப்சன் எங்கள் ஊரில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்த பெண்மணி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆயிரத்து இருநூறு பேர் வாழும் ஊர் எங்களுடையது. யார் வீட்டுக்கு எந்தக் கட்சியிலிருந்து கடிதம் வருகிறது, யார் எந்தக் கட்சிக்கு நன்கொடை அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் வெர்னாவுக்கு அத்துப்படி. ஆனால் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தன் கட்சி எது என்றும் சொன்னதில்லை. "சீருடைக்குக் கட்சி கிடையாது" என்று சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு, வீட்டு முன் புல்வெளியில் தன் கட்சியின் தேர்தல் பலகைகள் ஆறைச் சுத்தியலால் அடித்து நட்டார். சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரோலி குபியாக் குளியல் அங்கியோடு ஓடிவந்தார். மாட்டுப் பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் குடிவந்தவர். வெர்னாவின் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சிக்காரர். எது யாருடைய கட்சி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஊர்மன்ற எழுத்தர். ஓட்டுச் சீட்டு எண்ணுவதும் நான்தான்.

"என்ன வெர்னா இது? இத்தனை வருஷமா என் வீட்டுக்குத் தபால் போட்டது ஒரு உளவாளியா?"

"உளவாளி இல்ல ரோலி, வாயைக் கட்டிப்போட்ட ஆளு. இன்னைக்கு அவுத்துட்டேன்."

"திரும்பக் கட்டிக்க எவ்வளவு வேணும், சொல்லு."

மதியத்துக்குள் ரோலியின் புல்வெளியில் எட்டுப் பலகைகள் நின்றன.

அந்த இலையுதிர் காலத்தில் ஊருக்கே ஏதோ பிடித்துவிட்டது. தேவாலயத்தில் வழிபாடு முடிந்து காபி குடிக்கிற மேசை இரண்டாகப் பிரிந்தது. ஊர்கூடிச் சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு வந்த மாமனும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பலகைகள் காணாமல் போயின.

ஊர்மன்றத் தலைவர் கோர்டன் ஹாஸ்லிங்கர் டயர்க் கடைக்காரர், நல்ல மனுஷன். கூச்சல் மட்டும் ஆகாது. அவர் ஒரு விதி கொண்டுவந்தார். கட்சி, வேட்பாளர், கொள்கை எதுவும் வீட்டு வாசல் பலகையில் இருக்கக் கூடாது. விற்பனைப் பலகை வைக்கலாம், 'நாய் ஜாக்கிரதை' வைக்கலாம். மீறினால் ஐம்பது டாலர் அபராதம். மன்ற வக்கீல் இருதய அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அவரைக் கேட்காமலே நாலுக்கு ஒன்று என்று நிறைவேற்றிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான்.

அடுத்த திங்கட்கிழமை வெர்னா ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மன்றத்து வண்டி ரோலி வீட்டின் முன் வந்து நின்றது. ரோலி பண்ணைக்குப் போயிருந்தார். மன்றத்து ஊழியன் டெனிஸ் இறங்கி ரோலியின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.

"சந்தோஷத்துல துள்ளிட்டேன் கேரின்" என்று வெர்னா பிறகு என்னிடம் சொன்னார். "ரெண்டே நொடிதான். அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு."

வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் வெளியே போனார்.

"டெனிஸ், அதைக் கீழ வை."

"இது உங்களோடது இல்லையே வெர்னா. உங்களுக்குப் பிடிக்காத பலகைதானே?"

"பிடிக்கவே பிடிக்காது. படிச்சாலே பித்தம் தலைக்கேறுது. வை கீழ."

"தலைவர் சொல்லியிருக்காருங்க."

"நீ பொறந்தப்ப வந்த வாழ்த்து அட்டையைக்கூட உங்க வீட்ல நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். வைடா!"

டெனிஸ் வைத்துவிட்டான். "நடந்ததை ஆபீஸ்ல சொல்லத்தான் வேணும்" என்று முனகிக்கொண்டே வண்டியை எடுத்தான். வெர்னா தன் சுத்தியலைக் கொண்டுவந்து எட்டுப் பலகைகளையும் அதே இடத்தில் நட ஆரம்பித்தார். ஏழாவதை அடித்துக்கொண்டிருந்தபோது ரோலி வந்து இறங்கினார்.

"ஏய்! என் பலகையில என்ன பண்றே?"

"நட்டுக்கிட்டு இருக்கேன். மன்றத்துக்காரங்க பிடுங்கிட்டாங்க."

ரோலி வண்டிக் கதவைச் சாத்திவிட்டு அருகில் வந்தார். வெர்னா நிமிர்ந்து, "கோணலா இருக்கா பாரு" என்றார். ரோலி தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றார். இடதா வலதா, எந்தப் பக்கம் என்பதை வைத்து வெர்னா அடித்த ஜோக்கை இங்கே எழுதினால் கட்சி தெரிந்துவிடும். விட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் புல்வெளியில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள் என்பது மட்டும் நிஜம்.

மறுநாள் இரண்டு வீட்டுக்கும் அபராத நோட்டீஸ் போயிற்று. வெர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதியை இரண்டு தடவை படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"விற்பனைப் பலகைக்குத் தடை இல்ல, அப்படித்தானே கண்ணு?"

"இல்லங்க."

"என்னத்தை விக்கலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"எழுதலை."

"சரி, வெச்சிடறேன்."

அன்று சாயங்காலம் அவர் வாசலில் ஒரே ஒரு பலகை நின்றது. "விற்பனைக்கு: என் கருத்து. முப்பத்தோரு வருஷம் வெளியே எடுக்காதது, புத்தம் புதுசு. இலவசம். கதவைத் தட்டவும்."

இருட்டுவதற்குள் ரோலி வீட்டிலும் ஒன்று முளைத்தது. "விற்பனைக்கு: பக்கத்து வீட்டுச் சரக்கைவிடத் தரமான கருத்து. சீஸ் இனாம்."

சனிக்கிழமைக்குள் ஊரில் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. "என் கணவரின் கருத்துகள். மொத்தமாக எடுப்பவருக்கே." "பழைய கருத்து. அப்பாவிடமிருந்து வந்தது. கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது." ஒருவர் வீட்டில், "நாய் ஜாக்கிரதை. அதற்கும் ஒரு கட்சி உண்டு." பக்கத்து ஊர்க்காரர்கள் காரில் வந்து படம் எடுத்தார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் விதிமீறலா கேரின்?" என்று கேட்டார். "விற்பனைன்னு போட்டிருக்கே" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

யாரும் எதிர்பார்க்காதது என்னவென்றால், ஆட்கள் நிஜமாகவே கதவைத் தட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை வெர்னாவின் சமையலறையில் பதினோரு பேர். அதில் ஏழு பேர் எதிர்க் கட்சி. ஆப்பிள் கேக் தீர்ந்துபோயிற்று, கத்தல் தீரவில்லை. கடைசியாக வந்தவர் ரோலி.

"கருத்தை வாங்க வரல. சும்மா விலை விசாரிக்க வந்தேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம். வழக்கமான அறை போதாமல் தீயணைப்பு நிலையத்தில் வைத்தோம். ஆளுக்கு மூன்று நிமிஷம், மணி என் கையில். வெர்னா நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நேரம் முடிந்துவிட்டது. மணியடித்தேன். அவரோ நிறுத்தவில்லை.

"உட்காருங்க வெர்னா" என்றார் தலைவர்.

ரோலி எழுந்தார். "என் மூணு நிமிஷத்தை அவளுக்குக் கொடுக்கறேன்."

"அப்படிக் கொடுக்க விதி இல்லை ரோலி."

"அப்ப நானே பேசறேன். இங்க கொடு காகிதத்தை."

தன் கரகரத்த குரலில், வெர்னாவின் கையெழுத்தில் தடுக்கித் தடுக்கி, எதிர்க் கட்சிக்காரியின் பேச்சை வாசிக்க ஆரம்பித்தார். நடுநடுவே, "இதை நான் ஒத்துக்கல, அவ எழுதியிருக்கா" என்று சேர்த்துக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "ரோலி குபியாக்கின் பலகைகள் முட்டாள்தனமானவை, சுத்த முட்டாள்தனமானவை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவற்றை நட்டுவைக்க அவருக்கும் அதே உரிமை உண்டு. அவருடையதைப் பிடுங்கினால் என்னுடையதையும் பிடுங்கினதாகத்தான் எடுத்துக்கொள்வேன்."

ரோலி நிறுத்திவிட்டுத் திரும்பினார். "முட்டாள்தனம்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே."

"ஒரு தடவை போதல."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தலைவரும் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "சண்டை வேணாம்னுதான் செஞ்சேன். என் மச்சான் ரெண்டு மாசமா என் கடைக்கு வர்றதில்ல. அதான்."

வெர்னா எழுந்தார். நான் மணியைத் தொடவில்லை. "கோர்டன், நான் முப்பத்தோரு வருஷம் பேசாம இருந்தேன். எல்லாரும் என்னை நல்லவள்னு சொன்னாங்க. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. போன சனிக்கிழமை பதினோரு பேர் என் சமையலறையில உட்கார்ந்து என்னைத் திட்டினாங்க. ரிட்டையர் ஆனதுலேருந்து அவ்வளவு நல்ல நாள் எனக்கு வரல."

விதியை மன்றத்தின் ஐந்து பேரும் சேர்ந்து ரத்து செய்தார்கள், அபராதத்தையும்தான். கூட்டக் குறிப்பில் 'பலத்த சிரிப்பு' என்று எழுதினேன். அடித்துவிடச் சொன்னார் தலைவர். அடிக்கவில்லை.

நவம்பரில் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் வெர்னாவின் கட்சி பத்தொன்பது ஓட்டில் தோற்றது. மறுநாள் காலை ரோலி தன் கான்செர்டினா என்ற துருத்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெர்னாவின் புல்வெளியில் நின்று, வெறுப்பேற்றுவதற்கென்றே போல்கா நடன மெட்டு வாசித்தார். வெர்னா கதவைத் திறந்தார். "வாசிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் வெற்றி ஒரு கேடா?" என்று கேட்டுவிட்டு, பனி படிந்த புல்லில் ரப்பர் பூட்ஸோடு ஆட ஆரம்பித்தார். ரோலி மூச்சு வாங்கும்வரை விடவில்லை.

ஏப்ரலில் மன்றத்தில் இரண்டு இடம் காலியானது. வெர்னா மனுப் போட்டார். அவரைத் தடுக்கிறேன் என்று ரோலியும் போட்டார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் கூட்டங்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாக முடிகின்றன. நான் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போகிறேன்.