முன்வரிசையில் அழகுராஜா

பாண்டியராஜுக்கு எதுவும் லேசாகக் கிடைத்துவிட்டால் பிடிக்காது. எரியோட்டிலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகிற லோடு ஆட்டோக்காரன், வழியில் ஹாரனே அடிக்கக் கூடாது என்று தனக்குத்தானே சட்டம் போட்டு வைத்திருந்தான். தப்பித்தவறி அடித்துவிட்டால் அன்றைக்கு டீ கிடையாது. இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் சிரிப்பான். அப்படி ஒரு பிறவி.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். நாலு வீரர்களைக் கூட்டிக்கொண்டு குகை குகையாகப் போய் பூதங்களோடு மல்லுக்கட்டுகிற விளையாட்டு. முதல் தடவை சுலபமாக முடிந்துவிட்டது. உப்பில்லாத வெஞ்சனம் மாதிரி இருந்ததாம். மறுபடி ஆரம்பித்தபோது அவனே கெடுபிடி வைத்துக்கொண்டான். கடையில் ஆயுதம் வாங்கக் கூடாது, வழியில் கிடப்பதுதான். சண்டை நடுவில் மருந்து கூடாது. விழுந்தவனை எழுப்புகிற மந்திரம் பையிலேயே இருந்தாலும் தொடக் கூடாது. போனவன் போனவன்தான்.

வாள் பிடிக்கிறவனுக்குத் தன் பெயரை வைத்தான். நெருப்பு எறிகிறவளுக்கு மனைவி நாகஜோதியின் பெயர், வில்லுக்காரனுக்குச் சிநேகிதன் சடையாண்டியின் பெயர். கேடயத்தோடு முன்வரிசையில் நின்று எல்லா அடியையும் வாங்குகிறவனுக்குப் பெயர் யோசிக்கவே இல்லை. அழகுராஜா. நாகஜோதியின் தம்பி.

"எந்தம்பிக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்றாள் அவள்.

"தடியன்தானே, தாங்குவான்."

மச்சினன் மேல் பாண்டியராஜுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது. அழகுராஜா சின்னாளப்பட்டியில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அக்கா வீட்டுக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டான். நாகஜோதி மட்டும் போய் வந்தாள். அவனாக வந்து கூப்பிடுகிறவரை பேசுவதில்லை என்று பாண்டியராஜ் அதற்கும் ஒரு சட்டம் போட்டான்.

அதில் அடிபட்டது மகள் வினிதா. மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? கூட விளையாடுகிற பிள்ளைகள் கம்மலோடு திரிய, இவள் அம்மாவின் தோட்டைத் தடவிக்கொண்டிருப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் ஒழியட்டும் என்று நிறுத்திய அழகுராஜா ஒழியவே இல்லை. குகைக்குக் குகை அடி வாங்கினான், நின்றான். மற்ற மூவரும் அவன் முதுகுக்குப் பின்னால்தான் பிழைத்து வந்தார்கள். "சபாஷ்டா மாப்ள, இன்னொண்ணு தாங்கு" என்று பாண்டியராஜ் திரையைப் பார்த்துப் பேசவே ஆரம்பித்துவிட்டான். நேரில் பேசாத மனுஷன்!

கடைசிக் குகையில் டிராகன் வந்தது. அழகுராஜாவுக்கு உயிர் கொஞ்சம்தான் பாக்கி. பின்னால் இழுத்திருக்கலாம், பழக்கதோஷத்தில் பாண்டியராஜ் அவனை முன்னாலேயே விட்டுவிட்டான். ஒரே நெருப்பு. கேடயம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி, "எழுப்புங்க. அதான் மந்திரம் இருக்குல்ல" என்றாள்.

"கூடாது. சட்டம்."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"அவங்கூடப் பேசக்கூடாதுங்கறது?"

பாண்டியராஜ் மந்திரத்தைத் தொடவில்லை. முன்வரிசை காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்க அவனுக்கு நிஜமாகவே சங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற மூவரும் விழுந்தார்கள். அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"மாப்ள..." என்று ஆரம்பித்தான். "பாப்பாவுக்குக் காது குத்தணும்."

"நேர்ல வந்து கூப்புட மாட்டீகளா, மச்சான்?" என்றான் அழகுராஜா.

அன்று சாயங்காலமே வெற்றிலை பாக்குத் தட்டோடு நாகஜோதி லோடு ஆட்டோவில் ஏறினாள், மடியில் வினிதா. சின்னாளப்பட்டியில் அந்தப் புது வீட்டின் கேட் சாத்தியிருந்தது. பாண்டியராஜ் வண்டியை நிறுத்தி, நீளமாக ஹாரன் அடித்தான்.

அழகுராஜா ஓடி வந்து கேட்டைத் திறந்தான். வினிதாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனே டீ கொண்டுவந்து நீட்டினான். சட்டப்படி குடிக்கக் கூடாது. பாண்டியராஜ் இரண்டு டம்ளர் குடித்தான்.