ராயப்பர் மேல் ஆணை, காசிமேட்டு மீன்

சிலுவையம்மாள் பொய் சொல்லுவாள் என்றால் தண்டையார்பேட்டையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அந்த நம்பிக்கைதான் அவள் பிழைப்பு. மார்க்கெட் முனையில் கூடையை இறக்கி, "ராயப்பர் மேல ஆணையா காசிமேட்டு மீனு நைனா, காத்தால எறக்குனது" என்று கூவுவாள். மீன் என்னவோ காசிமேட்டுத் துறைமுகத்துக் கடல் மீனல்ல, எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடத்தில், அவள் புருஷன் லூயிஸ் வலைபோட்டுப் பிடித்தது. ஆத்து மீன் என்று வாயைத் திறந்தால் போச்சு. "அய்ய, சாம்பல் தண்ணி மீனா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஜனம் அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடும்.

ஜனத்தைக் குறை சொல்ல முடியாது. அப்போதெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் ஆலை எண்ணெயும் ஆற்றில் கலந்து, மீனில் எண்ணெய் வாடை இருக்கத்தான் செய்தது. மஞ்சள் தண்ணியில் அலசி விற்றாள். தன் வீட்டுச் சட்டியில் மட்டும் கருவாடு கொதித்தது. ஏசுவின் சீடர் ராயப்பர் மேல் பொய் ஆணை பாவமில்லையா என்று பக்கத்துக் கடை ரூபினா கேட்டதற்கு, "ராயப்பரும் மீன்காரருதாம்மே. சாமியவே தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னவரு. என்னிய மட்டும் கோச்சுக்குவாரா?" என்றாள்.

பிறகு ஆற்றை மீட்கும் திட்டம் வந்தது. முதலில் வந்தது போர்டு. ஆறு ரொம்பப் பிற்பாடுதான் வந்தது. சாம்பலை வாரினார்கள், கரைச் சதுப்பில் கண்டல் செடி நட்டார்கள். லூயிசும் கூலிக்குப் போய், இடுப்பளவு சேற்றில் நின்று கால் புண்ணாகித் திரும்பினான். ஆனால் பொய் சொல்லக்கூடாது, ஆறு தேறிவிட்டது. நண்டு வந்தது, மடவை மீன் கொழுத்தது, வாடை போயே போச்சு. சிலுவையம்மாளின் சட்டியிலும் மடவைக் குழம்பு கொதித்தது.

"இனிமே ஆத்து மீனுன்னே சொல்லி வில்லு சிலுவ. என் காலு வெந்துகீது அதுக்கு" என்றான் லூயிஸ்.

"சொன்னா எவன் வாங்குவான்? உன் காலா வந்து வாங்கும்?"

அந்த நேரம் பார்த்துத் திட்டத்துக்காரர்கள் ஆற்றங்கரையில் ஷாமியானா போட்டார்கள். ஆற்று மீன் விருந்தாம், வறுக்க சிலுவையம்மாளைக் கூப்பிட்டார்கள். பெரிய மனுஷங்க டிவியில் தின்று காட்டினால் மீனுக்குப் போன பேர் திரும்பிவிடும், தானும் இந்தப் பொய்யை விட்டுத் தொலைக்கலாம் என்று அவளுக்கும் ஆசை. பவுடர் பூசி, பட்டுக் கட்டி, மொறுமொறுவென்று வறுத்து நீட்டினாள்.

திட்டத்துப் பெரிய அதிகாரி தட்டை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, தட்டைக் கீழே வைத்தார். "இன்னிக்கு வியாழக்கிழமைம்மா, நான் தொடறதில்ல." அடுத்தவர் மாலை போட்டிருக்கிறாராம், கழுத்தில் ஒன்றையும் காணோம். மூன்றாமவருக்கு டாக்டர் எண்ணெய் ஆகாது என்று சொல்லிவிட்டாராம், காலையில் பஜ்ஜி தின்ற வாய் அது. கடைசியில் அத்தனை மீனையும் குப்பத்து நாய்கள் தின்றன. நாய்க்கு ஏது வியாழக்கிழமை?

மறுநாள் கூடை இறங்கியதும் ராயப்பர் மேல் ஆணையும் இறங்கியது. லூயிஸ் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை முனையில் ஒரு கார் நின்றது. அதே வியாழக்கிழமை அதிகாரி, கையில் பையோடு. பவுடரும் பட்டும் இல்லாத சிலுவையம்மாளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "காசிமேட்டு மீன்தானே?" என்றார். ஆணையிட்டாள். வாங்கிப் போனவர் வாராவாரம் வர ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிறு லூயிஸ் கூடை சுமந்து வந்து நின்றிருந்தான். அதிகாரி மடவையின் செவுளைத் திறந்து பார்த்துச் சொக்கிப்போனார். "கடல் மீன்னா கடல் மீன்தாம்மா. ஆத்து மீன்ல இந்த ருசி வருமா?"

லூயிஸ் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தான். வியாபாரம் போனால் மயிராச்சு என்று சிலுவையம்மாள் எழுந்தாள்.

"சார், இது ஆத்து மீனு. எண்ணூரு ஆத்துல, உங்க கண்டல் செடியாண்ட இந்த ஆளு புடிச்சது. இம்மாம் நாளா நீ துன்னுகினு கீறது இதான். ராயப்பர் மேல சத்தியமா!"

வாழ்நாளில் அந்த முனையில் அவள் செய்த முதல் உண்மைச் சத்தியம். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த ஆத்துல ஏதும்மா இவ்ளோ நல்ல மீனு? அந்த ஆத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா? கிண்டல் பண்ணாம இன்னும் ஒரு கிலோ சேத்துப் போடுங்க."

சிலுவையம்மாள் எடுத்த மீனைக் கூடையிலேயே திரும்பப் போட்டாள். அத்தனை நாள் கழித்து லூயிஸ் வாய் திறந்தான்.

"போட்டுக் குடு சிலுவ. காசிமேட்டு மீனாவே போட்டுக் குடு."