மாமிக்காக ஒதுக்கி வைத்த மண்

எங்கள் வாப்பா பிறந்தது நார்வேயில், கடலோரச் சிற்றூரில். அடங்கியிருப்பது ராயபுரம் கபர்ஸ்தானில். இடையிலிருந்த வாழ்க்கையை மகள் நான் எழுத உட்கார்ந்தால் கண்ணீர்தான் முந்துகிறது. ஓராண்டாகியும் மனம் ஆறவில்லை.

கப்பல் இன்ஜினியராகத் துறைமுகத்துக்கு வந்தவர், பழுதான கப்பலோடு மாதக்கணக்கில் இங்கே தங்கினார். உடன் வேலை பார்த்தவர்களோடு நோன்புக் கஞ்சி குடிக்கப் போனவர், பிறகு தொழவும் போனார். "பொண்ணுக்காக மாறினவரு" என்று சொந்தத்தில் கேலி செய்வார்கள். அம்மாவை அவர் பார்த்ததே இஸ்லாத்தைத் தழுவி வெகுநாள் கழித்துத்தான். திருவொற்றியூரில் பட்டறை வைத்தார். "இன்னா தொரை" என்று யாராவது கூப்பிட்டால், "தொரை ஊருக்குப் போய்ட்டாரு. நான் ராயபுரத்து மாப்ள" என்பார்.

தம் தாயார் இறந்தபோது ஊருக்குப் போனார். அங்கே பெட்டியைக் குழியில் இறக்கியதும் எல்லாரும் கலைந்துவிடுவார்களாம். மண் தள்ளுவது பணியாட்கள் வேலை. வாப்பா நகரவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, இங்கே சொந்தக்காரர்கள் போடுவதுபோலக் கையாலேயே மண் அள்ளிப் போட்டார். அவருடைய அக்காவுக்கு, அதாவது எங்கள் மாமிக்கு, ஊரார் முன்னால் அவமானமாகிவிட்டது. அதன்பின் பேச்சே இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வாப்பா போன் செய்வார். மணி அடித்து ஓயும். "அக்கா இன்னும் கோவமா கீது" என்று சிரிக்கப் பார்ப்பார். அந்தச் சிரிப்பை எங்களால் பார்க்க முடியாது.

நெஞ்சுவலியில் ஒரு காலையில் வாப்பா போய்விட்டார். அன்று நான் போன் செய்தபோது மாமி எடுத்தார். அழுதார். "நான் வரும்வரை வைத்திருப்பீர்களா?" என்று மட்டும் கேட்டார். அங்கே ஒரு வாரம்கூட வைத்திருப்பார்கள். இங்கே அன்றே அடக்க வேண்டும். வாப்பாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அம்மா அழுதுகொண்டே, "எடுங்க" என்றார்.

கபர் வெட்டும் காதர் பாயிடம் என் தம்பி இதைச் சொல்லியிருக்கிறான். "அக்கா வருதா? அதுக்குன்னு ஒரு கூடை மண்ணு ஒதுக்கி வெக்கிறேன், நைனா" என்றாராம்.

நான்காம் நாள் மாமி வந்தார். எங்கள் கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. வாசலிலேயே நின்றோம். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி ஐயா மாமியின் முகத்தையே பார்த்தார். பிறகு, "போங்கம்மா" என்று வழிவிட்டார். என்னையும் போகச் சொன்னார்.

காதர் பாய் ஒதுக்கி வைத்த கூடையிலிருந்து மாமி வழக்கப்படி மூன்று பிடி போட்டதும், போதுமென்று அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டார். எனக்கு ஒரு பிடி தந்துவிட்டு, கூடை காலியாகும்வரை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். அதற்குப் பிறகுதான் எழுந்தார்.

துக்க நாட்களில் எங்களுக்குச் சாப்பாடு அனுப்பிய எதிர்வீட்டு மேரி அக்காவுக்கும், முத்தவல்லி ஐயாவுக்கும், காதர் பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள்.

அவருடைய போனை நாங்கள் இன்னும் அணைத்து வைக்கவில்லை. இந்தப் பெருநாளன்று அது அடித்தது. மாமிதான் கூப்பிட்டார்.