ஏகாதசிக்குச் சோறு அனுப்பிய அக்கா

அக்காவின் இந்த நினைவு மலர் யார் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் கைக்குக் கட்டாயம் போய்ச் சேர வேண்டும். போன வருடம் அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அவர் அக்காவின் போனுக்குக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுச் சாப்பாடு எந்த இல்லத்துக்குங்க?" என்று கேட்டார். "அந்தம்மாவே போயாச்சு, இப்ப இது ஒரு கேடா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டு. ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். "உனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்குடா, தும்முனா ஊர் மேல விழும்" என்று அக்கா சொல்வார். அன்று உங்கள் மேல் விழுந்துவிட்டது.

அக்கா பிறந்தது மணப்பாறையை அடுத்த ஒரு சிற்றூரில். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கவலை என்று ஓடிய குடும்பம். அவர் மூத்தவர், நான் ஏழு வருடம் கழித்துப் பிறந்தவன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியும் அக்காவின் படிப்பு அதோடு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை. அதைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவரும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு அக்கா திருச்சிக்கு வந்தார். என்னையும் அழைத்து வந்து காலேஜில் சேர்த்தார். நான் ரயில்வேயில் குமாஸ்தா ஆனது அந்த மண்டிச் சோற்றில்தான். மாமா இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு மாரடைப்பில் போனபோது அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. முப்பதாம் நாள் முடிந்ததும் நேராக மண்டிக்குப் போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். "பொம்பள உக்கார்ற எடமாம்மா இது?" என்று பக்கத்து மண்டிக்காரர் கேட்டார். "எடம் காலியா இருந்துச்சு, உக்காந்தேன்" என்றார் அக்கா. அந்த நாற்காலியிலேயே இரண்டு பெண்களையும் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர், வியாபாரி, எதிர்க் கடை டீ மாஸ்டர் என்று மார்க்கெட்டில் எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மண்டியில் உட்காருகிறவர்கள் முதலில் பார்ப்பது வரத்து. அன்றைக்குச் சந்தைக்கு எவ்வளவு சரக்கு வந்து இறங்குகிறது என்பதுதான் வரத்து. எல்லா ஊர்க் கத்திரிக்காயும் ஒரே நாளில் இறங்கினால் சாயங்காலம் மாடு தின்னும். மறுநாள் ஒரு கூடைக்கு அடித்துக்கொள்வார்கள். விற்காமல் மிஞ்சும் நல்ல காயை அக்கா மூன்று இடங்களுக்கு அனுப்பி வந்தார். ஸ்ரீரங்கத்தில் ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் இல்லம் ஒன்று. அதை நடத்துபவர் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெரியவர். காட்டூர்ப் பக்கம் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லம் ஒன்று. அதைக் கவனிப்பவர் ஒரு சிஸ்டர். மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளுடன் வந்து காத்துக் கிடப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் நண்பர்கள் குழு; அதற்குப் பொறுப்பு ஒரு பாய். இந்த மூவருக்கும் அப்போது ஒருவரை ஒருவர் தெரியாது.

ஒரு வைகுண்ட ஏகாதசி வந்தது. அப்படிப்பட்ட புண்ணிய நாளில், ஸ்ரீரங்கத்திலேயே, மாமாவின் பெயரில் அன்னதானம் செய்ய வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. வெங்காயம், பூண்டு சேர்க்காமல் சாம்பார், கூட்டு, பாயசம் என்று ஆள் வைத்துச் சமைத்து, அண்டாக்களை வேனில் ஏற்றி, கூட்டத்தில் நீந்திப் போய் இறங்கினோம். கூடப் போனவன் நான்தான். பெரியவர் வாசலுக்கு வந்து அண்டாக்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கை கூப்பினார்.

"அம்மா, உங்க மனசுக்கு ஒரு கொறையும் வராது. ஆனா இன்னிக்கு ஏகாதசியாச்சே. இங்க யாரும் அன்னம் தொடறதில்லையே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, அடித்தும் கொண்டேன். அக்கா வேனில் ஏறியதும் தன்னையே திட்டிக்கொண்டார். "துவாதசிக்கு மொத நாள் அகத்திக்கீரை வெலை எகிறும்னு தெரியுது. ஏன் எகிறுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா? மொத நாள் பட்டினி கெடந்து மறுநாள் அந்தக் கீரையோடதான சாப்பிடுறாங்க! இத்தனை வருஷம் கீரை வித்து என்ன புண்ணியம்? எனக்கெல்லாம் ஒரு மண்டி!"

ஊர்ந்து ஊர்ந்து காவிரிப் பாலம் தாண்டிக் காட்டூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. சிஸ்டர் ஓடி வந்தார். "அக்கா, காலையிலேர்ந்து கஞ்சிதான். இன்னைக்கு எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்கே போயிட்டாங்க போல" என்றார். அக்கா அண்டாக்களோடு உள்ளே போனார். நான் போகவில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். வரிசையாக உட்கார மாட்டார்கள், வாயிலிருந்து வழியும், திடீரென்று கத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தானம் கொடுக்கும் பலரும் அந்த வாசலை மிதிக்காததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அவர்களில் ஒருவன்.

திரும்பும்போது அக்கா சொன்னார்: "சோத்துக்கும் வரத்து பாக்கணும்டா. அமாவாசைன்னா ஸ்ரீரங்கத்துல மூணு வீட்டுச் சாம்பார் வந்து நிக்குது. இங்க கஞ்சி. அமாவாசை மாசத்துக்கு ஒருக்கா வருது. பசி தெனமும்ல வருது."

அந்த வாரமே மூவரையும் மண்டிக்கு வரவழைத்து, வெங்காய மூட்டைகள் மேல் உட்கார வைத்தார். அக்கா சொன்னது ஒரே ஏற்பாடுதான். சாப்பாடு போட வருகிறவர்கள் நாளைப் பிடித்துக்கொள்ளலாம். இடத்தைப் பிடிக்கக் கூடாது. எங்கே தேவையோ அங்கே போகும். மூவரில் யாரிடம் கேட்டு வந்தாலும் உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. 'கேட்டுச் சொல்றேன்' என்று சொல்லி அக்காவுக்குப் போன் போட வேண்டும். வருகிற நன்கொடை எல்லாம் மூன்று இடத்துக்கும் பொது.

பெரியவர் தயங்கினார். "எங்ககிட்ட வர்றவா ஸ்ரீரங்கம்னுதானே வர்றா? வேற எடம்னா வருவாளா?" பாய்க்கு வேறு கவலை. "நோன்பு மாசத்துல எங்களுக்கு வேணாம்னு நெனச்சு நிறுத்திடாதீங்கக்கா. சோறு போடுற பசங்கதான் நோன்பு. ஆஸ்பத்திரியில கெடக்குறவங்களுக்கு ஏது நோன்பு?" சிஸ்டர் உடனே சரி என்றார். அவரிடம் இழக்க ஒன்றுமில்லை. கடைசியில் நான்கு பேரும் ஒரே மாதிரி தினசரி காலண்டர் வாங்கி மாட்டினார்கள். ஏகாதசி, நோன்பு, பெரிய வெள்ளி எல்லாம் எல்லார் சுவரிலும் இருந்தன. "உனக்கு ஏன்கா இந்த வம்பு?" என்று நான் மட்டும் வழக்கம் போல முனகினேன்.

ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, அக்கா அந்தத் தப்பைச் செய்யும் வரை. பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவர் வருடா வருடம் தன் அப்பாவின் திதிக்கு ஸ்ரீரங்கத்தில் சாப்பாடு போடுவார். ஒரு வருடம் அதே நாளில் ஸ்ரீரங்கத்துக்கு இன்னொரு வீட்டுச் சாப்பாடும் வந்தது. அக்கா பாத்திரக் கடைக்காரர் சாப்பாட்டைக் காட்டூருக்குத் திருப்பிவிட்டார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தேதான் சொல்லவில்லை. அவரோ குடும்பத்தோடு, தன் கையால் பரிமாற வேண்டும் என்று மதியம் ஸ்ரீரங்கத்துக்கு வந்து நின்றார். இலையில் வேறு யாருடைய சாம்பாரோ இருந்தது. அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். அன்று சாயங்காலமே பெரியவர் போன் செய்தார். "இனிமே எங்க வழி எங்களுக்கு, உங்க வழி உங்களுக்கும்மா" என்றார்.

பெரியவர் போனால் ஏற்பாடே போய்விடும். தானம் கொடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைத் தேடி வருகிறவர்கள். பிள்ளைகள் மறுபடியும் கஞ்சிக்குப் போக வேண்டியதுதான்.

அக்கா பாத்திரக் கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு முறை போனார். முதல் முறை அவர் வெளியே வரவே இல்லை. இரண்டாம் முறை நானும் உடன் போனேன். அக்கா நின்றபடியே, "தப்பு என்னோடதுங்க. கேக்காம செஞ்சிட்டேன்" என்றார்.

"வருஷத்துக்கு ஒரே ஒரு நாளும்மா எங்கப்பாவுக்கு. அந்த ஒரு நாளையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஆட்டோவில் அக்கா அழுதார். மாமா இறந்தபோதுகூட என் எதிரில் அழாதவர். "பசிச்ச புள்ளைங்களுக்குத்தான குடுத்த, விடுக்கா" என்றேன். "இல்லடா, அவர் சொன்னது சரி. பசிக்குதுன்னு அடுத்தவங்க திதியைத் திருடலாமா?" என்றார். அன்றே ஏற்பாட்டை மாற்றினார். கொடுப்பவரைக் கேட்டுத்தான் இடம் மாற்ற வேண்டும். இந்த இடம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவரை அப்படியே விட்டுவிட வேண்டும். அதைக் கேட்ட பிறகு பெரியவர் திரும்பி வந்தார். பாத்திரக் கடைக்காரர் கடைசி வரை மன்னிக்கவில்லை. நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று அக்கா பெண்கள் கேட்டார்கள். எழுதாவிட்டால் அது அக்காவைப் பற்றிய மலரே இல்லை.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. டயாலிசிஸ் படுக்கையிலும் போனைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தார். இடம் மாற்றலாமா என்று யாரைக் கேட்டாலும் மாட்டேன் என்பார்கள் என்று நினைத்தது என் தப்பு. நிறையப் பேர் அக்கா கேட்டதும், "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்கக்கா" என்றார்கள். கடைசி நாள் காலையில் என்னிடம், "நாளைக்குக் காட்டூருக்கு யாருடா?" என்று கேட்டார். "உனக்கே முடியல, ஊர்ச் சோறு எதுக்குக்கா இப்ப?" என்று எரிந்து விழுந்தேன். சிரித்தார். மதியம் போய்விட்டார். அன்று ஏகாதசி. "புண்ணியம் பண்ண ஆத்மா, ஏகாதசியில போயிருக்காங்க" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அக்காவிடம் நான் கடைசியாகப் பேசியது கோபமாகத்தான் என்பது மட்டும் எனக்குள் கிடந்தது.

பதினாறாம் நாள் நான் கத்திய கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்தப் போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை; கேட்டுச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் மறுபடியும் அமாவாசைக்கு மூன்று சாம்பார் வந்தது. காட்டூரில் என்ன நடந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வருடத் திதி, இறந்த தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே வருவதாக ஐயர் நாள் குறித்துக் கொடுத்தார். பெரியவருக்குப் போன் செய்தேன். "சாமி, அக்கா திதிக்கு ஸ்ரீரங்கத்துலதான் சாப்பாடு போடணும். அக்கா பேர் போட்டு போர்டு வைக்கணும். நானே பரிமாறணும்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அக்கா என்ன திதியில போனான்னு மறந்துட்டேளா?" என்றார் பெரியவர்.

ஏகாதசி. மறுபடியும் ஏகாதசி! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். பெரியவர் பொறுமையாக இருந்துவிட்டு, "அடியேன் சிஸ்டர்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

அண்டாக்களோடு காட்டூருக்குப் போனேன். இந்த முறை வண்டியைப் பார்த்துக்கொள்ள டிரைவர் இருந்தார். எனக்குச் சாக்கு இல்லை. உள்ளே போனேன். கேள்விப்பட்டது எல்லாம் உண்மைதான். வரிசையாக உட்காரவில்லை, கத்தினார்கள், வழிந்தது. ஒரு பெண் குழந்தை என் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாயசம் பாதி என் வேட்டியில்தான். நான் இத்தனை வருடம் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. எல்லாருக்கும் பரிமாறியதும் சிஸ்டர், "சாப்பாட்டுக்கு முன்னாடி, யாருக்காகன்னு சொல்லி ஜெபம் பண்ணுவோம் சார். பேர் சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். "அக்கா" என்று மட்டும்தான் வந்தது. சிஸ்டர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அக்காவுக்காக" என்றார். பேச்சு வருகிற பிள்ளைகள் "அக்கா" என்றார்கள். எந்த அக்கா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாயைத் தோளில் சுமந்த அக்கா பெண்களுக்கும் மருமகன்களுக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் இரவு பகலாகக் கவனித்த நர்ஸம்மாக்களுக்கும், கூப்பிடாமலே வந்து பாடையைத் தூக்கிய மார்க்கெட் தொழிலாளர்களுக்கும், பெரியவருக்கும், சிஸ்டருக்கும், பாய்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாத்திரக் கடைக்காரருக்கும் நன்றி. அவர் கோபப்படாமல் இருந்திருந்தால் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது.

திதியன்று சாயங்காலம் டிராயரைத் திறந்து அக்காவின் போனைச் சார்ஜில் போட்டேன். நம்பர் பழைய நம்பர்தான்; உங்களில் பலரிடம் இருக்கும். என் சுவரிலும் இப்போது அதே காலண்டர் தொங்குகிறது. பதினாறாம் நாள் கூப்பிட்டவரே, எந்த இல்லத்துக்கு என்று கேட்டீர்களே, நான் பதில் சொல்லவே இல்லை. தயவுசெய்து இன்னொரு முறை கூப்பிடுங்கள். கேட்டுச் சொல்கிறேன்.