சுரண்டாத செருப்பு

மகளின் கரிசல் மண் அப்பிய செருப்பைச் சுரண்டக் கணவர் குச்சியோடு குனிந்தார். "இந்தச் சின்னப் பள்ளிக்கூடம் போதும். அடுத்த வருசமாவது இவளப் பெரிய பள்ளிக்கூடத்துல போடுவோம்" என்றார். ஈர மண் வாசம் என்னை ஆறாம் வகுப்புக்கு இழுத்துப் போனது.

பாடத்தோடு பருத்தியும் விதைக்கச் சொன்ன இதே சின்னப் பள்ளிக்கு, பெரிய பள்ளியிலிருந்து அம்மா என்னை மாற்றியிருந்தாள். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. முதல் மழையன்று நான் சேறும் செருப்புமாக வந்ததும் கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"மண்ணு கிண்டவா பிள்ளைய அனுப்புதீங்க?"

அப்பா அவசரமாகச் செருப்பைச் சுரண்டக் குச்சியை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கினாள்.

"அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல வாயே தொறக்காத பிள்ள, இங்கன டீச்சரையே கேள்வி கேக்கா. செருப்பு அப்படியே கிடக்கட்டும். தெருவே பாக்கட்டும்."

கணவர் கையிலிருந்த குச்சியை வாங்கித் தெருவில் எறிந்தேன்.