என் காணிக்குத் தண்ணீர் இல்லை

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்குக் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து சட்டி பானையோடு வந்து குடியேறிய மூன்றாவது வருடம். கிளிநொச்சிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினால் வாய்க்கால் கரையால் நாலு மைல் நடந்துதான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அப்போது சிறுபோகக் காலம். மழை இல்லை. குளத்துத் தண்ணீரை நம்பித்தான் நெல் நின்றது.

எங்கள் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. முந்தைய விஜயதசமிக்கு அவளுக்கு ஏடு தொடக்கினோம். ஐயர் அவளுடைய விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவித்தபோது, கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை இல்லாமல் ஆக்கியவள் நான்தான்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் வாய்க்காலில் அவ்வளவு படித்த பெண் வேறு யாரும் இல்லை. அந்தக் கொழுப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது என்பதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை. காலையில் முற்றத்து மண்ணில் அவளை இருத்தி, விரலைப் பிடித்து அழுத்தி அழுத்தி எழுதுவிப்பேன். பத்துத் தரம் எழுதினால்தான் காலைச் சாப்பாடு. பிழை விட்டால் குட்டு. ஏழு மாதம் இப்படிப் போனது. ஏழு மாத முடிவில் அ, ஆ படிக்கும் அரிவரிப் புத்தகத்தைக் கண்டாலே பிள்ளை கால் விரலைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். வாயைத் திறக்கமாட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்.

"தையிலை இங்கை கொட்டில் பள்ளிக்கூடம் திறக்கினமாம். ஒரே ஒரு வாத்தியார். அவரை நம்பேலாது. ஆவணி மட்டும் பாப்பம். அதுக்குள்ளை எழுத்துப் பிடிபடாட்டில் அக்காவோடை விடுவம்."

அக்கா என்றது அவருடைய தமக்கையை; எனக்கு மச்சாள், பிள்ளைக்கு மாமி. யாழ்ப்பாணத்தில் இருந்தா. பிள்ளைகள் இல்லாதவ, கண்டிப்பான மனிசி, ஆனால் நல்லவ. பிள்ளையை உயிராகப் பார்ப்பா என்று எனக்குத் தெரியும். பயமே அதுதான். பக்கத்துக் காணிக்காரியின் மகன் அப்படிப் படிக்கப் போனவன். லீவுக்கு வந்த நாலாம் நாளே, எப்போது பஸ் என்று கேட்பான். அவள் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்து அவனுக்குச் சோறு போடுவாள். என் பிள்ளையும் எனக்கு விருந்தாளி ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். முடிவெடுத்து என்ன செய்தேன்? பத்துத் தரத்தை இருபது தரமாக்கினேன்.

இங்கே எங்கள் தண்ணீர் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுபோகத்தில் தண்ணீர் நினைத்தபடி வராது. ஒவ்வொரு காணிக்கும் ஒரு முறை உண்டு. அதைப் பார்க்கிறவர் வட்டவிதானையார். ஒவ்வொரு மடையிலும் காணிக்காரரின் பெயர் எழுதிய தகரத் துண்டு தொங்கும். வாய்க்கால் பூட்டிய நாட்களில் கதவடியில் 'தண்ணீர் இல்லை' என்று தாரால் எழுதிய பெரிய தகரத்தை மாட்டிவிடுவார். முறை தவறித் தண்ணீர் திருப்பினவன் அகப்பட்டால் அடுத்த முறை அவனுக்கு வெட்டு. வயலுக்கு நஷ்டம் என்பதைவிட, தண்ணிக் கள்ளன் என்ற பெயர்தான் மானத்தை வாங்கும்.

ஆனி மாதம் ஒருநாள். எங்கள் முறை வந்தும் பாதி வயல் நனைவதற்குள் வாய்க்காலைப் பூட்டிவிட்டார்கள். எரிச்சலோடு திரும்பி வருகிறேன், வாய்க்கால் கரையில் என் மகளும் அயல் பிள்ளைகள் மூன்று பேரும். மண்ணில் விரலளவு வாய்க்கால் கீறி, பாத்தி பாத்தியாக வயல் பிரித்து, சிரட்டையால் கதவு வைத்திருக்கிறார்கள். பால்மாத் தகரப் பேணியால் வாய்க்காலில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிறார்கள். பயிர் தண்ணீருக்கு வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, என் பிள்ளை பூட்டிய வாய்க்காலில் தண்ணீர் அள்ளுகிறாள். யாராவது கண்டால்? போதாததற்கு முழங்கால் வரை சேறு. இந்தச் சேறு என்னோடு போகட்டும் என்றுதானே நான் அவளோடு இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

ஒரு சொல்லும் கேட்கவில்லை. வயல், வாய்க்கால், சிரட்டை எல்லாவற்றையும் காலால் உழக்கினேன். அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து புத்தகத்துக்கு முன்னால் இருத்தினேன். அவள் அழவில்லை. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

அடுத்த நாள் காலை தண்ணீர் அள்ள அந்த வழியால் போனேன். நான் உழக்கிய இடத்தில் ஒரு தடி புதிதாக நட்டிருந்தது. அதில் ஒரு பூவரசம் இலை குத்தியிருந்தது. பூவரசம் இலையில் முள்ளால் கீறினால் கோடு கறுத்துத் தெரியும். கீறியிருந்தார்கள். எழுத்து எழுத்தின் மேல் ஏறி நின்றது, ஒன்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது, ஆனாலும் வாசிக்க முடிந்தது.

'அம்மா தண்ணீர் இல்லை.'

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன். அயல் பிள்ளைகள் யாருக்கும் எழுத்துத் தெரியாது. கதவடித் தகரத்தைப் பார்த்துப் பார்த்து அவள்தான் எழுதியிருக்கிறாள். 'அம்மா'வை, நான் குட்டிக் குட்டிப் படிப்பித்த அந்தப் புத்தகத்திலிருந்தே எடுத்திருக்கிறாள். இத்தனை மாதமாக எனக்கு எழுதிக் காட்டாத பிள்ளை, எனக்குத் தண்டனை தருவதற்காக எழுதியிருக்கிறாள். விளையாட்டில் அவள்தான் வட்டவிதானையார் என்று பிறகு தெரிந்தது. வாய்க்காலை உடைத்தவளுக்குத் தண்ணீர் வெட்டு. நியாயமான தீர்ப்புத்தான்.

மனம் நொந்து அழுதேன். ஆனால் அழுதுகொண்டு இருக்க நேரம் இல்லை. ஆவணிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அன்று பின்னேரம் நானே மண்ணைக் குழைத்து வயல் வரம்புகளைத் திருப்பிக் கட்டினேன். கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகள் தூரத்தில் நின்று சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"விதானையார், எனக்கும் ஒரு காணி தாருங்கோ" என்றேன்.

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உண்மையான வட்டவிதானையார் மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மனு எழுதித் தாங்கோ" என்றாள்.

இலையில் முள்ளால் மனு எழுதினேன். 'அம்மா காணி. தண்ணீர் வேண்டும்.' இலையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு முழுவதும் பிடிபடவில்லை. ஆனால் விதானையார் அதை ஒப்புக்கொள்வாரா? "நீங்களே வாசியுங்கோ" என்று திருப்பித் தந்தாள். நான் விரல் வைத்து வாசித்தேன். அவளுடைய கண் என் விரலோடு வந்தது.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் எனக்கு மண்ணில்தான் இருப்பு. மாடு அவிழ்த்துக் கட்ட வேண்டும், உலை வைக்க வேண்டும், கைக்குழந்தை வேறு. எல்லாவற்றையும் முன்னுக்கே ஓடி ஓடி முடித்துவிட்டுப் போய்க் குந்திவிடுவேன். வாய்க்கால் கரையால் போகிறவர்கள் சும்மா போவார்களா?

"எட்டாம் வகுப்புப் படிச்ச மனிசி சோறு கறி விளையாடுறா" என்று ஒருத்தி எனக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

"சோறு கறி இல்லையக்கா, தண்ணி முறை" என்று சொல்லிவிட்டு நான் மனு எழுதினேன்.

ஒவ்வொரு நாளும் மனுவில் ஒரு புதுச் சொல் வைப்பேன். மாடு வயலில், வரம்பு உடைந்தது, மாமா காணி, மிளகாய்க் கன்று. பத்து நாளில் இலையை என்னிடம் திருப்பித் தருவதை விட்டுவிட்டாள். தானே முணுமுணுத்து வாசித்துத் தீர்ப்புச் சொன்னாள். மற்றப் பிள்ளைகளும் இலையோடு வந்து, தங்கள் மனுவை எழுதித் தரச் சொல்லி அவளையே கேட்டார்கள்.

என் பழைய குணம் லேசில் போகவில்லை. ஒருநாள் அவள் ஓர் எழுத்தைத் திருப்பி எழுதியதைக் கண்டு, "இப்பிடியே எழுதுறது?" என்று குட்டக் கையை ஓங்கிவிட்டேன். அவ்வளவுதான். என் காணிக்கு இரண்டு நாள் வெட்டு. இரண்டு நாளும் வரம்பில் சும்மா குந்தியிருந்தேன். மூன்றாம் நாள் அந்த எழுத்தை அவளே நேராக எழுதியிருந்தாள். பேசாமல் இருப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும் என்று அங்கேதான் கண்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. இலைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "நீ எழுதிக் குடுத்திருப்பாய். விளையாட்டு வேறை, படிப்பு வேறை" என்றார்.

நல்லூர்த் தேர் முடிந்து மூன்றாம் நாள் மச்சாள் வந்து இறங்கினா. பிள்ளைக்கு மஞ்சள் சட்டை ஒன்று தைத்துக்கொண்டு வந்திருந்தா. அடுத்த நாள் காலை பயணம் என்று வரும்போதே முடிவோடு வந்தது அந்தச் சட்டையில் தெரிந்தது. சாப்பிட்டு முடிந்ததும் கணவர் அரிவரிப் புத்தகத்தை விரித்து மகளுக்கு முன்னால் வைத்தார்.

"வாசி பிள்ளை."

அவள் கால் விரலைப் பார்த்தாள். அவர் திரும்பவும் சொன்னார். பிள்ளையின் வாய் பூட்டிவிட்டது. அந்தப் புத்தகத்துக்கும் அவளுக்கும் நடுவில் நான் மாதக்கணக்காக வைத்த குட்டெல்லாம் நின்றது.

"சரி, காலமை அக்காவோடை வெளிக்கிடட்டும்" என்றார் அவர்.

"நான் விடன்" என்றேன்.

கல்யாணம் செய்த நாளிலிருந்து அவருக்கு எதிராக நான் சொன்ன முதல் வார்த்தை அது. மச்சாள் கதிரையில் நிமிர்ந்து இருந்தா. அவர் சத்தம் போட்டார். நானும் விடவில்லை. "பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், எனக்குத்தான் படிப்பிக்கத் தெரியேல்லை, பிழை என்னிலை" என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன். அந்தக் கூச்சலில் பிள்ளை எழும்பி வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவளுடைய கையில் ஒரு பூவரசம் இலை. நேரே போய் மச்சாளின் மடியில் வைத்துவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. "மாமி... தண்ணீர்... இல்லை."

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தா. "இதிலை தண்ணி நிறைய இருக்குத்தானே பிள்ளை?" என்றா.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விளையாட்டையும், வெட்டு என்றால் என்ன என்பதையும் சொன்னேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த ஆகப் பெரிய தண்டனை அதுதான் என்றும் சொன்னேன். கணவர் இலையை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு முன்னால்தான் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். 'மாமி' என்ற சொல் எந்தத் தகரத்திலும் இல்லை, என் மனு எதிலும் வந்ததும் இல்லை. தெரிந்த எழுத்துகளைப் பொறுக்கி அவளே கட்டிய சொல் அது.

அவர் மெல்லக் குந்தியிருந்து, "அப்பாவுக்கு?" என்று கேட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இலையை வாங்கி மறுபக்கம் திருப்பி, அவருக்கு முன்னாலேயே முள்ளால் கீறிக் கொடுத்தாள். 'அப்பா நாளை.' அவருக்கு வெட்டு இல்லை, ஆனால் தண்ணீர் முறை நாளைக்குத்தான் என்று தீர்ப்பு.

மச்சாள்தான் முதலில் கதைத்தா. "தம்பி, இவளைக் கூட்டிக்கொண்டு போனால் என்ரை கிணறும் வத்திப் போம். இங்கையே இருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தா. அவவும் ஆசையோடுதானே வந்திருப்பா. அடுத்த நாள் சட்டையை வைத்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினா.

தையில் மகள் அந்தக் கொட்டில் பள்ளிக்கூடத்துக்கே போனாள். பிறகு நன்றாகவும் படித்தாள். ஆனால் அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இலை அந்த மாதமே காய்ந்து நொறுங்கிவிட்டது. இன்றைக்கும் மண்ணில் குந்தியிருக்கும் ஒரு பிள்ளையைக் கண்டு, எழும்பி வந்து படி என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தடியில் குத்தி நின்ற அந்த இலை கண்ணுக்கு முன்னால் வருகிறது. வாயை மூடிக்கொண்டு, எனக்கும் ஒரு காணி தருவாயா என்றுதான் கேட்கிறேன்.