உதட்டால் சொன்ன எண்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. கோவிந்தசாமியின் மகள் விமலா. எடுத்ததும் வழக்கம்போல் வாயைத் திறந்துவிட்டேன்: "என்னம்மா, உங்கப்பன் காது மெஷின மறுபடியும் தொலச்சுட்டானா?"

"அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றாள்.

முருங்கைக்காயைத் திரும்ப வைத்தேனா, பையில் போட்டேனா, நினைவில்லை. என் கேலிக்கு இப்படி ஒரு பதில் அதுவரை வந்ததில்லை.

கோவிந்துவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காக்கி புக்கிட் பட்டறையில் அவன் கடைசல் எந்திரத்தில் நின்றான், நான் சக்கரம் கழற்றி மாட்டினேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் பழைய முதலாளி பேசியதைக் கேட்டிருப்பீர்கள். "இத்தன வருஷத்துல கோவிந்து ஒரே ஒரு தடவதான் அளவ தப்பா வெட்டினாரு" என்று பாராட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். அந்த ஒரு தப்பு அவனுடையது அல்ல.

எந்திரச் சத்தத்தில் வேலை செய்து செய்து கோவிந்துவுக்குக் காது பாதி போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பான். எனக்கு அது பெரிய விளையாட்டு. குரலை விட்டுவிட்டு வாயை மட்டும் அசைப்பேன். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் காதைத் தட்டிப் பார்ப்பான். நான் சிரிப்பேன். "வாயாடி, ஒன் வாய்க்கு ஒரு நாள் பூட்டு போடுறேன் பாரு" என்பான்.

பாஸ்கரன் என்று ஒரு வாடிக்கையாளர். மார்சிலிங்கில் வீடு. அவருடைய காரின் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், ஐந்து போல்ட்டும் நூறு மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. அவர் ஆசைப்பட்டு வாங்கி வந்த சக்கரத்தின் துளைகளோ நூற்றுப் பதினாலு புள்ளி மூன்று வட்டத்தில். இரண்டுக்கும் நடுவே வைக்க அலுமினியத்தில் தடித்த வில்லைகள் வெட்ட வேண்டும். வில்லை ஹப்பில் இறுகும், சக்கரம் வில்லையில் இறுகும். இந்த வேலையில் கோவிந்து காட்டிய கவனத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. "வண்டியத் தாங்குறது நட்டு இல்லடா, நடு" என்பான். வில்லையின் நடுத்துளை ஹப்பின் மேல் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுக்க நட்டுகளின் தலையில் விழும் என்பது அவன் கணக்கு.

அன்று சனிக்கிழமை. வேலைச் சீட்டு என் கையில் இருந்தது. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, "எத்தனடா?" என்று கத்தினான். நான் சத்தமில்லாமல் வாயை அசைத்தேன்: நூத்திப் பதினாலு.

புள்ளி மூன்றை எங்கள் பட்டறையில் யாரும் வாயால் சொல்வதில்லை. பதினாலு என்றாலே அதுதான். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு என்றும் ஒரு அளவு உண்டு. பதினாலு, பன்னெண்டு. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் உதடு ஒட்டித் தொடங்கும், உதடு குவிந்து முடியும்.

அவன் தலையாட்டினான். இந்தத் தடவை ஏமாறாமல் பிடித்துவிட்டானே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

மத்தியானம் வில்லைகளை மாட்டினேன். சக்கரம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன். ஏறிவிட்டது. "வீட்டுக்குப் போய் எல்லாரையும் ஏத்திக்கிட்டு நேரா மலாக்கா, அங்கிள்" என்று சொல்லிவிட்டு பாஸ்கரன் கிளம்பினார்.

தேநீர் குடிக்க வந்த கோவிந்து என் மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"பதினாலா?"

"ஆமா."

"நான் பன்னெண்டு வெட்டியிருக்கேன். எப்படிடா ஏறுச்சு?"

"தட்டுனேன். ஏறிடுச்சு லா."

"ஏறும்டா. உக்காராது."

அவ்வளவுதான் பேசினான். நட்டு சக்கரத்தில் ஒழுங்காகப் பதியாமல் ஓரத்தில் கடித்துக்கொண்டு நிற்கும், ஓட ஓடக் கழன்றுவிடும் என்பதை அவன் எனக்கு விளக்கத் தேவையில்லை. பாஸ்கரனின் பழைய சக்கரங்கள் நான்கையும் வேனில் தூக்கிப் போட்டான். நான் அவர் எண்ணை அழுத்திக்கொண்டே ஏறினேன். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை.

சிலேத்தார் விரைவுச்சாலையில் ஓரமாக ஒரு கார் நின்றிருந்தது. கிட்டே போனதும் வேறு கார் என்று தெரிந்தது. "கோவிந்து, நான்தான்டா சத்தம் இல்லாம வாய மட்டும் ஆட்டுனேன்" என்றேன். அவன் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். "ரோட்ட பாக்கவா, ஒன் வாய பாக்கவா? சும்மா இரு" என்றான். நான் சத்தமாகச் சொன்ன ஒரே நேரம் அது. அவனுக்குக் கேட்கவில்லை.

மார்சிலிங்கில், சீட்டில் எழுதியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் நுழைந்தபோது பாஸ்கரனின் கார் நிறுத்திய இடத்திலிருந்து ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. முன்னிருக்கையில் மனைவி, பின்னால் அவருடைய அம்மா, பக்கத்தில் சின்னப் பெண். கோவிந்து குதித்து ஓடி, காரின் பின்பக்கம் இரண்டு கையாலும் அறைந்தான். கார் குலுங்கி நின்றது.

"அங்கிள்! என்ன இது?"

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க."

முன் இடது சக்கரத்தில் குனிந்தான். இரண்டு நட்டுகளை விரலாலேயே திருகினான். ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை.

பாஸ்கரன் அதைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "பிள்ள உள்ள இருந்துச்சு, அங்கிள்! யாரு பண்ண தப்பு இது? சொல்லுங்க, யாரு?"

நான் வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இந்தத் தடவை விளையாட்டுக்கு அல்ல.

கோவிந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்" என்பதைப் படித்துவிட்டான். படித்தவன் பாஸ்கரன் பக்கம் திரும்பி அதையே உரக்கச் சொன்னான்: "நான்தான் தம்பி. அளவ தப்பா வெட்டிட்டேன்."

பழைய சக்கரங்களை மாட்டிக் கொடுத்தோம். திரும்பும் வழியில், "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். ஒரு சிவப்பு விளக்கில் வேன் நின்ற பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் கேட்டேன். "சீட்ட நான் பாத்திருக்கணும். ஒன் வாய நம்பினேன் பாரு, அது என் தப்புதானே?" என்றான்.

முதலாளி அவனை ஹப் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பல மாதம் பிரேக் டிரம் மட்டும் கடைய விட்டார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் சொல்லாததும் நான் சொல்லாததும் ஒன்றல்ல.

மறுபடியும் ஹப் வேலைக்கு வந்ததும் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தான். நான் எண் சொல்லும்போதெல்லாம் உள்ளங்கையை என் தொண்டையில் வைப்பான். "சொல்லு. ஒவ்வொண்ணா சொல்லு."

"ஒண்ணு. ஒண்ணு. நாலு."

"புள்ளி?"

"புள்ளி மூணு."

தொண்டை அதிர்ந்தால்தான் எந்திரத்தைத் தொடுவான். என் சட்டைக் காலரெல்லாம் கிரீஸ். "அந்தாளு ஒங்க கழுத்த நெரிக்கிறாரா?" என்று கேட்பாள் என் மனைவி. "நெரிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்பேன். அவள் சிரிப்பாள்.

காரியம் முடிந்த பிறகு விமலா ஒரு அலுமினிய வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பாவின் கருவிப்பெட்டியில் அடியில் கிடந்ததாம். "ஒங்க பேரு எழுதியிருக்கு, அங்கிள்" என்றாள். பன்னிரண்டு அளவில் வெட்டிய வில்லைகளில் ஒன்று. ஓரத்தில் ஆணியால் கீறியிருந்தான்: வாயாடி.

அது இப்போது என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் உள்ளங்கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துப் பார்த்தேன். அதிர்ந்தது, கோவிந்து.